கூடுதல் எடை

கரண்ட் வந்தால்தான் தராசுக்கு உயிர் வரும் என்று இருதயராஜ் சொல்லிவிட்டான். இன்வெர்ட்டர் பேட்டரி போன வாரமே படுத்துவிட்டதாம். ஈஸ்வரமூர்த்தி திரும்பிப் போகவில்லை. கூரியர் கடை வாசலை ஒட்டிக் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பார்சலை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே ஒரு வார்ப்பிரும்புத் தோசைக்கல். கனடாவுக்குப் போகிறது. மனைவி சாந்தாமணி போன பிறகு அவர் தனியாகக் கட்டிய முதல் பார்சல். டேப் ஒட்டிய இடமெல்லாம் சுருங்கி, பிள்ளைக்கு யாரோ அவசரத்தில் சட்டை மாட்டிவிட்டதுபோல் இருந்தது. இரும்பின் கனம் உட்கார்ந்தவுடன் தெரியாது. மெல்லப் பரவித் தொடை மரத்துப்போன பிறகுதான் மாற்றி வைக்கத் தோன்றும். அவர் மாற்றி வைக்கவில்லை. சட்டைப் பையில் செல்போன் இருந்தது. செல்போனுக்குள் அந்தப் படம் இருந்தது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே இருதயராஜ் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டும் சொல்லிவிட்டான். "மெல்போர்னுக்குப் போட்ட பார்சல அங்க நிறுத்தி வெச்சுட்டாங்கண்ணா. உள்ள அரிசி இருந்துதாம். மூணு வழி குடுத்திருக்காங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லோணும். இல்லீன்னா அவங்களே மொத்தத்தையும் அழிச்சுப்போடுவாங்களாம்." அரிசியா, அரிசி ஏது, நான் வைக்கவில்லையே என்றுதான் அவர் வாயில் நுரையோடு முதலில் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் படம் திறந்துகொண்டது. அதற்குப் பிறகு வாய் கொப்பளித்தாரா என்றுகூட இப்போது நினைவில்லை. மூன்று வழி. அரிசியை மட்டும் எடுத்து எரித்துவிட்டுக் கல்லை வாங்கியவருக்குக் கொடுப்பது ஒன்று. பெட்டியை அப்படியே அனுப்பியவருக்குத் திருப்புவது ஒன்று. எல்லாவற்றையும் அழிப்பது ஒன்று. மூன்றுக்கும் செலவு அவருடையதுதான். கரண்ட் வந்தால் தராசோடு சேர்ந்து கம்ப்யூட்டரும் எழுந்துவிடும், இருதயராஜ் திரும்பிப் பார்த்து என்னங்கண்ணா போடட்டும் என்று கேட்பான். வராமல் இருக்கட்டும் என்று நினைத்தார். ஒரு மனிதன் மின்வாரியத்திடம் இப்படி வேண்டிக்கொள்வதும் உண்டா என்றும் நினைத்தார்.

படத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கவேண்டியதில்லை, கண்ணை மூடினாலே தெரிந்தது. ஆனாலும் எடுத்தார். வெள்ளை மேசை. பிரித்துப் போட்ட பெட்டி, அதன் மூலையில் அவருடைய பென்சில் எழுத்து. பபுள் ஷீட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற கல். பக்கத்தில் நீல உறை போட்ட ஒரு கை, அந்தக் கையருகில் சின்னத் துணி முடிச்சு. எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஓர் அடிக்கோலும் வைத்திருந்தார்கள். முடிச்சை அவர்கள் அவிழ்க்கவில்லை, பிளேடால் வயிற்றுப் பக்கம் கீறியிருந்தார்கள். அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு அரிசி வெளியே வந்து விழுந்திருந்தது, ஒரு துண்டு மஞ்சளும் கிடந்தது. துணி அவருடைய பழைய வேட்டி. கரையில் இருந்த பச்சைக் கோடுகூடத் தெரிந்தது. முடிச்சு சாந்தாமணியுடையது, அதில் சந்தேகமே இல்லை. அவள் முடிச்சுப் போடமாட்டாள். நுனியை முறுக்கி, முறுக்கியதையே சுற்றி, கடைசி நுனியை உள்ளே செருகிவிடுவாள். காசு முடிந்தாலும் கருவேப்பிலை முடிந்தாலும் அதே செருகல்தான். இழுத்தால் வராது, திருப்பினால் உடனே வந்துவிடும். அந்த நீலக்கைக்காரனுக்குத் திருப்பத் தெரியவில்லை. இப்படிக் கீறியிருக்கவேண்டாம். யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களே என்று ஒரு நொடி அவருக்குக் கோபம் வந்து, கோபப்பட ஆள் இல்லாமல் போய்விட்டது. ஆரம்பத்தில் அவள் வெளிப்படையாகத்தான் வைத்தாள். முதல் கல் சிங்கப்பூர் போனபோது அதன் குழிவில் ஒரு கைப்பிடி அரிசியைக் கொட்டி, பாலித்தீன் பை போட்டு மூடி, ஒரு மஞ்சள் துண்டும் போட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள். பாத்திரம் ஒரு வீட்டுக்குள் வெறுமனே போகக்கூடாது. பக்கத்து வீட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாலும் அடியில் ஒரு சிட்டிகைச் சர்க்கரை கிடக்கும் அவளிடம். அவரும் நல்லதுதானே என்றிருந்தார். பிறகு இருதயராஜ்தான் சொன்னான், தானியம், விதை, மண், மரப்பட்டை எதுவும் ஆகாது, சில நாட்டில் குப்பையில் போட்டுவிடுவான், ஆஸ்திரேலியாக்காரன் விடவே மாட்டான் என்று. அன்று மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார். "இனிமே அரிசி வெக்காத சாந்தா." அவள் ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "வெறுங்கல்லையா ஒருத்தர் ஊட்டுக்கு அனுப்பறது?" என்றாள். "அதுக்கு வெல வாங்கியாச்சு. இது சீர்வரிசை இல்ல, வியாபாரம்." "வெல வாங்கினா?" "வாங்கினா அவ்வளவுதான். அம்பது கிராம் ஏறுனா கூலி எவ்வளவு ஏறுதுன்னு உனக்குத் தெரியுமா?" அவள் கரண்டியிலிருந்து தெளிவை மட்டும் அவர் இலையில் ஊற்றினாள். "சரிங்க" என்றாள். அதோடு முடிந்தது என்று அவர் நினைத்தார்.

முடிந்தது என்று நினைத்ததற்குக் காரணமும் உண்டு, அவர் எடை பார்த்தே வாழ்ந்தவர். பவுண்டரியில் டெஸ்பாட்ச் பிரிவில் இருபத்திரண்டு வருஷம். லாரி எடை மேடையில் ஏறும் சத்தத்தை வைத்தே எத்தனை பம்ப் ஏற்றியிருக்கிறார்கள் என்று சொல்வார். பவுண்டரி மூடியபோது பழக்கத்தில் இருந்த பக்கத்துப் பட்டறையில் தோசைக்கல் வார்க்கச் சொல்லி, பெங்களூரில் இருக்கும் மகன் இணையக் கடை ஒன்றைத் திறந்து கொடுக்க, வீட்டு முன்னறையிலேயே தொழில் தொடங்கியது. கல்லை அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெய் தடவிக் காய்ச்சி, வெங்காயம் தேய்த்துப் பழக்கி எடுப்பது சாந்தாமணி. விலை போடுவதும் அனுப்புவதும் அவர். விலை போடுவது சுலபம் என்றுதான் இருந்தார். அனுப்பும் கூலி என்று ஒன்று இருப்பதும் அது கல்லின் விலையைவிடப் பெரிதாக வளர்ந்து வாசலில் நிற்கும் என்பதும் முதல் மாதத்தில்தான் தெரிந்தது. பெரிய பெட்டியில் நாலு பக்கமும் தெர்மாகோல் வைத்துப் பத்திரமாகக் கட்டிக் கொண்டுபோனால், இருதயராஜ் தராசைப் பார்க்காமல் டேப் எடுத்து நீளம் அகலம் உயரம் அளந்தான். மூன்றையும் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்தால் வருவதும் ஓர் எடையாம், இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் கூலியாம். இரும்பு இரண்டேகால் கிலோ, பெட்டி ஐந்தேகால் கிலோ. வீட்டில் வந்து சொன்னபோது சாந்தாமணி வெங்காயம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "நம்ம கணபதி ஏரியாக் காத்த மூணு கிலோ வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ணீட்டு வந்திருக்கீங்க. அங்கிருக்கறவங்களுக்கு நம்ம பவுண்டரிப் பொகை இல்லாம மூச்சுத் திணறுதாக்கும்." அவரும் சிரித்தார், ஆனால் ராத்திரி தூங்கவில்லை. அதன்பிறகு காற்றைக் குறைக்கப் படித்துக்கொண்டார். கல்லின் அளவுக்கே பெட்டியை வெட்டி மடித்தார். அரைக்கிலோவுக்கு ஒரு படி என்று கூலி ஏறும். இரண்டரைக்கு மேல் ஒரு கிராம் கூடினாலும் மூன்று கிலோவின் கூலி. ஆகவே கல், பெட்டி, தாள், ஒட்டப்போகும் டேப்பின் துண்டு உட்படத் தராசில் வைத்து, இரண்டரைக்குக் கொஞ்சம் உள்ளே நிற்குமாறு பார்த்து, எண்ணைப் பெட்டி மூலையில் பென்சிலால் எழுதிச் சாந்தாமணியிடம் தள்ளுவார். டேப் ஒட்டுவது அவள் வேலை. அவர் ஒட்டினால் சுருங்கும், இதோ, மடியில் கிடப்பதுபோல. அவள் ஒட்டிய பெட்டி கடைக்குப் போனால் நாற்பது, ஐம்பது கிராம் கூடுதலாகக் காட்டும். ஒவ்வொரு தடவையும். பட்டறையில் சொல்லிக் கல்லின் விளிம்பை ஒரு நூல் குறைத்தார். கைப்பிடியைக் குட்டையாக்கினார். தாளைக் கிழித்து மெலிதாக்கினார். பெட்டியின் உள்மடிப்பைக் கத்திரித்து எடுத்தார். கூடுதல் மட்டும் கூடுதலாகவே இருந்தது. வீட்டுத் தராசைக் கொண்டுபோய்ச் சோதித்தார், சரியாக இருந்தது. அப்படியானால் தப்பு எங்கே இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு நாள் மளிகைக் கடையில் ஒரு கிலோ படிக்கல் இரவல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, நாலு பேர் நிற்கும்போது இருதயராஜின் தராசில் வைத்தார். ஒரு கிலோ என்று காட்டியது. "படிக்கல்ல வெச்சா மட்டும் ஒழுங்காக் காட்டுமாட்டம் இருக்குது" என்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். இருதயராஜ் படிக்கல்லை இரண்டு கையாலும் எடுத்து அவர் பையில் வைத்தான். அவன் காது மட்டும் சிவந்திருந்தது. அவர் வேறு கடைக்குப் போனார். அங்கேயும் ஐம்பது கிராம், அதனால் பழைய கடைக்கே திரும்பினார். எல்லாரும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள் என்று சாந்தாமணியிடம் சொன்னார். அவள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இப்போது யோசித்துப் பார்த்தார். டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

எத்தனை பெட்டி. எண்ணக்கூடாது என்று நினைத்தாலும் மனம் டெஸ்பாட்ச் பழக்கத்தில் அடுக்கிப் பார்த்தது. டல்லாஸ், துபாய், லண்டன் பக்கத்தில் ஏதோ ஒரு ஊர், மறுபடி துபாய். அவர் எண்ணை எழுதிவிட்டு விலாசம் எழுதப் பேனா எடுக்க எழுந்து போகிற அந்த நேரத்தில் இடுப்பிலிருந்து எடுத்துத் தாளுக்கு அடியில் வைத்திருப்பாள். வைத்துவிட்டு டேப்பை இழுத்து, பல்லால் கடித்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தத் தட்டும் அவருக்கு இப்போது வேறாகக் கேட்டது. டல்லாஸ்காரி ஒருத்தி இணையக் கடையில் நாலு வரி எழுதியிருந்தாள், கல்லுக்கும் கூட வந்த ஆசீர்வாதத்துக்கும் நன்றி என்று. அவர் அதைப் படித்துக் காட்டி, "என்ன ஆசீர்வாதம் சாந்தா, ஏதாவது புரியுதா?" என்றார். "கல்லு நல்லாப் பழகி வந்திருக்குதுன்னு சொல்லுவாங்களா இருக்கும்" என்றாள் முகம் மாறாமல். என்ன முகம் அது. இருபத்தெட்டு வருஷம் எதிரில் இருந்த முகம். அவள் எதிர்த்துப் பேசியதே இல்லை என்று எல்லாரிடமும் சொல்வார், பெருமையாகக்கூடச் சொல்வார். சரிங்க என்றால் சரி என்றுதான் அர்த்தம் என எடுத்துக்கொண்டு ஒரு வாழ்க்கையை நடத்திவிட்டார். வீட்டில் தான் தீர்மானித்ததெல்லாம் தன் தீர்மானம்தானா? மகனைப் படிக்க அனுப்பியது, இந்த வீட்டை விற்கவேண்டாம் என்று நின்றது, பவுண்டரி மூடிய வருஷம் யாரிடமும் கையேந்தாமல் குடும்பம் ஓடியது, அது எப்படி என்று அவர் அன்றைக்கும் கேட்கவில்லை, இந்த எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துணி முடிச்சு இருந்ததோ? இருந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்பது. பயம் அங்கே இல்லை, பயம் அதற்கு அடுத்த கதவில் இருந்தது. அந்தக் கடைசிக் காலை. மெல்போர்ன் பெட்டிக்கு டேப் ஒட்டும்போது, "கை ஒரு மாதிரி மதமதன்னு இருக்குதுங்க" என்றாள். வெங்காயம் தேய்த்த கை அப்படித்தான் இருக்கும் என்று அவரும் சொன்னார், அவளும் சொன்னாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பினார், இருதயராஜ் இரண்டு வழி சொன்னான், வேகமாகப் போவது, மெதுவாகப் போவது. மெதுவாகப் போவது கூலியில் சல்லிசு. மெதுவாகவே போகட்டும் என்றார். திரும்பி வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ பிடித்திருந்தார்கள். பெட்டி சென்னையில் கிடந்தபோதே அவள் முடிந்துவிட்டாள். அவளைக் கொண்டுபோய்க் கரைத்துவிட்டு வந்த பிறகுதான் அது கப்பல் ஏறியிருக்கும். ஊரில் காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போய், வீட்டில் அவர் மட்டும் இருந்தபோதும் அவள் கை வைத்த அரிசி கடலில் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கை மதமதவென்று இருந்தது என்றாளே, அந்தக் கையாலா முறுக்கிச் செருகினாள்? இங்கே வந்ததும் அவர் நினைப்பைப் பிடித்து இழுத்து மறுபடி கிராமுக்குக் கொண்டுவந்தார். கிராம் பரவாயில்லை. கிராமைக் கூட்டலாம், கழிக்கலாம்.

"டீ சொல்லட்டுங்களா?" என்று இருதயராஜ் உள்ளேயிருந்து கேட்டான். வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவன் அதைப் பொருட்படுத்தாமல் இரண்டு டீ சொன்னான். டீ வந்தது. டம்ளரைப் பார்சலின் மேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "திருப்பி வரவெச்சா எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். அவன் தன் டம்ளரைக் கீழே வைத்தான். "அது வேண்டாங்கண்ணா. கல்லு வெலையப்போல மூணு பங்கு ஆகும். மொதல் வழிதானுங்க சல்லிசு. அந்த அரிசிய எடுத்து எரிச்சுட்டு, கல்ல அந்தப் பொண்ணுக்குக் குடுத்துருவாங்க. பொண்ணுக்கும் கெடைச்ச மாதிரி ஆச்சு." "அவளுக்கு வேற கல்லு அனுப்பிக்கலாம்." "அதுக்கும் கூலி." "தெரியும்." தெரியும், கணக்கு காலையிலேயே போட்டாகிவிட்டது. கல்லையும் துணியையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். பாதியில் கீறியிருந்தால் என்ன, மிச்சம் இருக்கிற அரிசி இருக்கும், மஞ்சள் இருக்கும், முடிச்சு இருக்கும். உலகத்தில் அவள் கடைசியாகக் கட்டியது அது ஒன்றுதான். வீட்டில் அவள் கடைசியாக அரைத்த மாவு புளித்து, யாரோ உறவுக்காரப் பெண் கொட்டிவிட்டாள். அவள் கடைசியாக மடித்த துணியை அவர் தெரியாமல் உடுத்தி அழுக்காக்கிவிட்டார். இது ஒன்று மட்டும் யார் கையும் படாமல் தப்பித்து அந்தத் தூரம் போயிருக்கிறது, நீல உறைக்காரன் கையைத் தவிர. எத்தனை லாரிக்குச் சரக்கு ஏற்றியவர், ஒரு கைப்பிடி அரிசியை இறக்குமதி செய்ய முடியாதா? வாழ்நாளில் ஒரு தடவை கூலி பார்க்காமல் ஒன்றை வரவழைக்க முடியாதா? முடியும். வந்தால்? வந்த பெட்டியை எங்கே வைப்பது? பீரோவிலா, சாமி படத்தடியிலா? எத்தனை நாள்? பூச்சி விழும். அரிசி என்றால் பூச்சி விழத்தான் செய்யும், அந்த நாட்டுக்காரன் பயமே அதுதானே. இருதயராஜ் டம்ளரை வாங்கிக்கொள்ள வந்து நின்றான். ஈஸ்வரமூர்த்தி அவன் முகத்தைப் பார்க்காமல், "தம்பி, அன்னிக்குப் படிக்கல்லு கொண்டாந்தது…" என்றார். "விடுங்ணா." "இல்ல, நாலு பேரு நிக்கறப்ப…" "காலைல போட்டாவப் பாத்தப்பவே எனக்கு வெளங்கிப்போச்சுங்க" என்றான் அவன். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு. "அக்கா என்னைய நல்லா மாட்டி உட்டுட்டாங்க. ஒவ்வொரு தடவ நீங்க பார்சல் எடுத்துட்டு வாரப்பயும் தராசத் தொடச்சுத் தொடச்சு வெப்பேன். எங்கூட்டுக்காரிகூடக் கேப்பா, அதென்ன அவருக்கு மட்டும் பூசை பண்ணறீங்கன்னு." ஈஸ்வரமூர்த்தியும் சிரிக்கப் பார்த்தார். டம்ளரை அவனிடம் கொடுத்தார்.

செல்போன் அதிர்ந்தது. அந்தப் பெண்தான், மெல்போர்ன் சுபாஷிணி. இரண்டு நாளாக அவள் அனுப்பிய குரல் செய்தியை அவர் திறக்கவில்லை, இது மூன்றாவது. காதோடு வைத்துக் கேட்டார். "அங்கிள், கல்லு இன்னும் வரல, ஒண்ணும் பிரச்சனை இல்லீங்களே? அவசரமில்ல. ஆன்ட்டிகிட்டச் சொல்லுங்க, அவங்க சொன்ன மாதிரி நான் மாவுக்கு வெந்தயம் சேர்த்துப் பழகிட்டேன்னு." பின்னால் ஏதோ குழந்தை அழுதது, அத்தோடு நின்றுவிட்டது. கல்லுக்குச் சொல்லிவைத்த அன்று இந்தப் பெண் சாந்தாமணியோடு அரைமணி நேரம் பேசினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அஞ்சல் கட்டண அட்டவணையைப் புரட்டிக்கொண்டு பாதிதான் கேட்டார். "மொதத் தோச ஒழுங்கா வராது கண்ணு. பிஞ்சு பிஞ்சு வரும். அதுக்காகக் கல்லத் திட்டாத. புது ஊடு, புது அடுப்பு, அதுக்கும் கூச்சம் இருக்குமல்ல? அந்த மொதத் தோசைய மாப்பிள்ளைக்குப் போட்டுராத, நீயே தின்னுரு. அப்பறம் பாரு." அந்தப் பெண் சிரித்தது ஸ்பீக்கரில் அவருக்கும் கேட்டது. அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை என்று பிறகு சாந்தாமணி சொன்னாள். அதற்காகத்தான் வைத்தாளோ, ஆஸ்திரேலியாக்காரன் விடவே மாட்டான் என்று தெரிந்தும்? தெரியாமலா இருந்தாள், அவர்தான் பத்துத் தடவை சொல்லியிருக்கிறாரே. பிடிபட்டாலும் பிடிபடட்டும், ஒரு தாயில்லாப் பெண் வீட்டுக்குக் கல் வெறுமனே போகவேண்டாம் என்று நினைத்திருப்பாள். அப்படி நினைத்தாளா? அல்லது அதையெல்லாம் நினைக்காமல், மதமதத்துப்போன கை தன் பழக்கத்துக்குத் தானே போய் இடுப்பிலிருந்து எடுத்து வைத்ததா? தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. ஆனால் அவள் அதை யாருக்கு வைத்தாள் என்பது மட்டும் தெரியும். அவருக்கு வைக்கவில்லை. அவர் கண்ணில் படக்கூடாது என்றுதான் வைத்தாள். அதைத் திருப்பி வரவழைத்துப் பீரோவில் பூட்டிவைத்தால், அவள் ஒரு வீட்டுக்குக் கொடுத்ததைப் பாதி வழியில் மறித்துப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. அவர் அடங்கி உட்கார்ந்தார். கால் மரத்துத்தான் போயிருந்தது. செல்போனை வாயருகில் கொண்டுபோய், தெருச் சத்தம் விழாமல் கையால் மூடிக்கொண்டு பேசினார். "சுபாஷிணி, நான் ஈஸ்வரமூர்த்தி பேசறேன் கண்ணு. கல்லு உங்க ஊருக்கு வந்துருச்சு, பரிசோதனைக்கு நிறுத்தி வெச்சிருக்காங்க, சீக்கிரம் குடுத்துருவாங்க. வந்ததும் அடுப்படிக்குக் கொண்டு போயிராத. வாசல்லயே வெச்சு, உங்க ஊட்டு அரிசி ஒரு கைப்பிடி அள்ளி அதுல போட்டு, அப்பறமா உள்ள எடுத்துட்டுப் போ. ஆன்ட்டி…" அங்கே நின்றுவிட்டார். இல்லை என்று சொல்லவேண்டிய இடம் அது. எத்தனையோ பேரிடம் சொல்லியாகிவிட்டது, வங்கியில் சொன்னார், ரேஷன் கடையில் சொன்னார், இந்தக் குரலிடம் சொல்ல வாய் வரவில்லை. "ஆன்ட்டி சொல்லச் சொன்னா" என்று முடித்துவிட்டார். பொய்யா அது? கல் போய்ச் சேரட்டும், முதல் தோசை பிய்ந்து வரட்டும், அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

தலைக்கு மேலே ஃபேன் ஒரு தடவை முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. பக்கத்து லேத்துப் பட்டறையில் மோட்டார் எழுந்தது. கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தி எழுந்திருக்க, இருதயராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கடிதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். கேட்கவில்லை. "மொதல் வழி" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "எடுத்துட்டுக் கல்ல அவளுக்குக் குடுக்கச் சொல்லுங்க தம்பி." "எரிச்சுருவாங்கண்ணா." "ம்." அவன் தட்டினான், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுகிற மாதிரி இருந்தது, அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது. அனுப்பியாகிவிட்டது என்றான். எங்கேயோ ஓர் அறையில் அந்தச் செருகல் அவிழாமலேயே போகும், திருப்பத் தெரியாதவர்கள் கையில். நெருப்புக்குத் திருப்பத் தெரியவேண்டியதில்லை. பச்சைக் கரை முதலில் சுருளும். அவர் கண்ணைத் துடைக்காமல் பார்சலைத் தூக்கிக்கொண்டு எழுந்தார், மரத்த கால் சரியாக ஊன்றவில்லை, இருதயராஜ் எட்டி அவர் கையிலிருந்து வாங்கினான். தராசின் தட்டைத் துணியால் துடைத்தான். இன்னொரு தடவையும் துடைத்தான். பூஜ்யம் வரும்வரை காத்திருந்து பெட்டியை வைத்தான். சிவப்பு எண்கள் ஓடி, தடுமாறி, நின்றன. அவன் எண்ணைப் பார்த்தான், பெட்டி மூலையிலிருந்த பென்சில் எழுத்தைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்க்காமல் சொன்னான். "நீங்க எழுதுனதேதாங்கண்ணா. ஒரு கிராம் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. ரெண்டரைக்குள்ள நின்னுருச்சு." இதற்காகத்தான் விளிம்பைக் குறைத்தது, கைப்பிடியைக் குட்டையாக்கியது, தாளைக் கிழித்தது. இந்த எண்ணைப் பார்ப்பதற்காகத்தான் ஒரு மனிதனைத் திருடன் என்று நாலு பேர் முன்னால் சொன்னது. ஈஸ்வரமூர்த்தி தராசுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். அந்த எண்தான். "எடுத்துட்டு இன்னொரு தடவ வெய்ங்க தம்பி" என்றார். அவன் பெட்டியை எடுத்தான், தட்டைத் துடைத்தான், பூஜ்யம் வரக் காத்திருந்து மெதுவாகத் திரும்ப வைத்தான். எண்கள் ஓடி, தடுமாறி, அதே இடத்தில் வந்து நின்றன. "இன்னொரு தடவ" என்றார். பின்னால் வரிசையில் ஆள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இருதயராஜ் பெட்டியை மறுபடியும் எடுத்தான்.